சதுரங்கப் பலகைமேல் விட்ட தட்டைமீன்: கட்டம் விழுமா, விழாதா?

தட்டைமீனைச் சதுரங்கப் பலகைமேல் விட்டால் அதன் முதுகில் கறுப்பு வெள்ளைக் கட்டம் விழுமாமே, அது நிஜமா, நிஜமென்றால் இத்தனூண்டு மூளையை வைத்துக்கொண்டு ஒரு மீன் அதை எப்படிச் செய்கிறது, பச்சோந்தி செய்வதும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்டிருந்தீர்கள்.

கறுப்பும் வெள்ளையும் வரும், கட்டம் வராது. தரையில் இருப்பதைப் பார்த்து அப்படியே வரையும் திறமை அந்த மீனுக்குக் கிடையாது. அதன் உடம்பில் சில புள்ளிகளுக்கும் திட்டுகளுக்கும் ஏற்கெனவே இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. எதை எவ்வளவு காட்டுவது, எதை மறைப்பது என்பது மட்டும்தான் அதன் வசம். அந்தச் சின்னக் கையிருப்பை வைத்துக்கொண்டு மணல், கூழாங்கல், பவளத்துண்டு, சிப்பிக்குவியல் என்று எல்லா இடத்திலும் காணாமல் போய்விடுகிறது. நகல் எடுப்பதைவிட இதுதான் பெரிய வித்தை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் மீன். தட்டைமீன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் நாக்குமீன், எருமைநாக்கு, ஃப்ளவுண்டர், ஹாலிபட், டர்பட், பிளேஸ் என்று 700-க்கும் மேற்பட்ட இனங்கள் இந்த வரிசையில் அடங்கும். முட்டையிலிருந்து வெளியே வரும்போது இவை மற்ற மீன்குஞ்சுகளைப் போலத்தான் இருக்கும், பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்து நீந்தும். சில வாரங்களில் தைராய்டு ஹார்மோன் ஏறத் தொடங்கியதும் மண்டையோடு கோணலாகி, ஒரு கண் மெல்ல நகர்ந்து தலையின் மறுபக்கத்துக்குப் போய்விடும். அப்புறம் மீன் ஒருக்களித்துத் தரையில் படுத்துவிடும், ஆயுசுக்கும் அப்படியே. ஆகவே நாம் முதுகு என்று சொல்வது முதுகே அல்ல, அது உடம்பின் ஒரு பக்கம். டர்பட்டுக்கு இடப்பக்கம் மேலே இருக்கும், பிளேஸுக்கும் ஹாலிபட்டுக்கும் பெரும்பாலும் வலப்பக்கம். நிறமும் கோலமும் எல்லாம் கண் இருக்கும் அந்த மேல்பக்கத்துக்குத்தான். தரையில் ஒட்டிக் கிடக்கும் மறுபக்கம் வெள்ளையாகவே இருந்துவிடும்.

அந்த வெள்ளைப் பக்கத்தைப் பற்றி ஒரு பழைய சோதனை உண்டு. 1890-களில் இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வகத்தில் கன்னிங்ஹாம் என்பவர் இளம் ஃப்ளவுண்டர்களைக் கண்ணாடி அடி வைத்த தொட்டியில் வளர்த்து, அடியில் முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே திருப்பினார். நாளாக நாளாக, வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய அடிப்பக்கத்திலும் நிறமி தோன்ற ஆரம்பித்தது. அடிப்பக்கத் தோலுக்கு நிறம் போடும் சாமர்த்தியமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வழக்கமான வாழ்க்கையில் அதற்கு வாய்ப்பு வருவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது தோலுக்குள் போகலாம். நிறம் முழுக்கத் தோலில் இருக்கும் நிறமிச் செல்களின் வேலை. கறுப்பும் பழுப்பும் தருவது மெலனோஃபோர் என்ற செல், மெலனின் துகள்கள் நிறைந்தது. மஞ்சளுக்கு ஒரு வகை, சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் இன்னொரு வகை. நான்காவது ஐரிடோஃபோர்; இதில் நிறமியே கிடையாது, குவானின் படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும், வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்புவதால் வெள்ளையாகவோ வெள்ளியாகவோ நீலமாகவோ தெரியும். மயில் ஃப்ளவுண்டர் என்று சொல்லப்படும் வெப்பக்கடல் மீனின் உடம்பில் பளீரென்று நீல வளையங்கள் இருக்குமே, அந்த நீலத்தில் நீலச்சாயம் எதுவும் இல்லை. ஒளி சிதறித் திரும்பும் விதத்தில் வருவதுதான்.

மெலனோஃபோர் பல கிளைகளோடு பரந்து கிடக்கும் ஒரு தட்டையான செல். மீன் கறுக்கும்போது இந்தச் செல் பெரிதாகிறது, வெளுக்கும்போது சுருங்குகிறது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. செல் அதே அளவில், அதே வடிவில்தான் இருக்கும். உள்ளே இருக்கும் துகள்கள்தான் இடம் மாறுகின்றன. எல்லாத் துகள்களும் செல்லின் நடுவுக்கு ஓடிவந்து குவிந்தால் கறுப்பு கண்ணுக்கே தெரியாத ஒரு பொட்டாகிவிடும், அடியில் இருக்கும் வெளிர் நிறம் மேலே தெரியும், மீன் வெளுக்கும். துகள்கள் கிளைக்குக் கிளை பரவினால் செல் முழுவதும் கறுப்பு, மீன் கறுக்கும். அந்த ஓட்டத்துக்குச் செல்லுக்குள் நுண்குழாய்களால் ஆன பாதைகள் உண்டு. அவற்றின்மீது கைனசின் என்ற புரதம் துகளை வெளிப்பக்கம் இழுத்துப்போகும், டைனீன் என்ற புரதம் நடுவுக்கு இழுத்துவரும். நம் நரம்புச் செல்களுக்குள் சரக்கு ஏற்றி இறக்குவதும் இதே புரதக் குடும்பங்கள்தான்.

ஆக்டோபஸும் கணவாயும் செய்வது வேறு கதை. அவற்றின் நிறமி ஒரு மீள்தன்மையுள்ள பையில் இருக்கிறது, அதைச் சுற்றிலும் தசைகள், அந்தத் தசைகளுக்கு மூளையிலிருந்து நேராக நரம்பு. தசை இழுத்தால் பை விரியும், விட்டால் சுருங்கும். ஒரு நொடிக்குள் முழு உடம்பும் மாறிவிடும். மீனிடம் அந்தத் தசை கிடையாது. துகள்கள் செல்லுக்குள் நடந்துதான் போக வேண்டும், அதனால் வேகத்தில் கணவாயோடு போட்டியிட முடியாது. பச்சோந்தி இன்னும் வேறு. அதன் தோலில் இருக்கும் படிகங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று 2015-இல் ஜெனீவா ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதோடு, பச்சோந்தியின் அந்தப் பளிச்சென்ற மாற்றம் பெரும்பாலும் எதிராளியை மிரட்டவும் இணையை ஈர்க்கவும்தான், ஒளிந்துகொள்ள அல்ல. நிறம் மாறி ஏமாற்றுகிறவர்களைப் பச்சோந்தி என்று திட்டுவதற்குப் பதிலாகத் தட்டைமீன் என்று திட்டியிருக்க வேண்டும்!

சரி, துகள்களுக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது? இரண்டு வழிகளில். ஒன்று பரிவு நரம்புகள், அதாவது நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாக வேலை செய்யும் நரம்புகளில் ஒரு வகை. இவற்றின் முனையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரந்ததும் மெலனின் துகள்கள் நடுவுக்குக் குவிகின்றன, அந்த இடம் வெளுக்கிறது. உத்தரவு குறைந்தால் துகள்கள் பரவுகின்றன, இடம் கறுக்கிறது. பிரான்சைச் சேர்ந்த ஜார்ஜ் பூஷே 1870-களிலேயே டர்பட் மீன்களில் இதன் அடிப்படையைக் கண்டுபிடித்துவிட்டார்: தண்டுவடத்தை வெட்டினால் நிறமாற்றம் நிற்கவில்லை, பரிவு நரம்பை வெட்டினால் அது போய்ச்சேரும் பகுதியில் நின்றுவிட்டது. பார்வையைப் பறித்தாலும் தரைக்கேற்ற மாற்றம் போய்விட்டது. நரம்பும் கண்ணும் இதில் இருக்கின்றன என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னொரு வழி ஹார்மோன். மெலனினைக் குவிக்கும் ஹார்மோன் ஒன்று மூளையில் தயாராகி, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வழியாக ரத்தத்தில் இறங்குகிறது; 1983-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சால்மன் மீனின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுத்தார்கள், 17 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதத்துண்டு. (நமக்கும் அதே ஹார்மோன் இருக்கிறது. நம் மூளையில் அதற்குத் தோல் நிறத்தோடு சம்பந்தமில்லை, பசி, தூக்கம் பக்கம் போய்விட்டது.) இதற்கு எதிராக மெலனினைப் பரப்பும் ஹார்மோனும் உண்டு. இங்கே யோசித்துப் பார்த்தால் ஒன்று புரியும்: ரத்தத்தில் கலந்த ஹார்மோன் உடம்பு முழுவதும் போகும், அதற்கு இந்தப் புள்ளி அந்தப் புள்ளி என்ற பேதம் கிடையாது. மொத்த உடம்பையும் கறுக்கவோ வெளுக்கவோ அது போதும். கோலத்தை மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு திட்டுக்கும் தனித்தனியாக உத்தரவு போக வேண்டும், அதற்கு நரம்பு வேண்டும். ஒரு திட்டில் மெலனோஃபோர்கள் நெருக்கமாக இருப்பதும் பக்கத்துத் திட்டில் அவை அரிதாக இருப்பதும், இரண்டிடத்துச் செல்களும் ஒரே உத்தரவுக்கு வெவ்வேறு அளவில் அசைவதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இவை எல்லாம் உடனடி மாற்றங்கள். மீன் வாரக்கணக்கில் ஒரே தரையில் கிடந்தால் வேறொன்றும் நடக்கும்: கறுத்த தரையில் மெலனோஃபோர்களின் எண்ணிக்கையே கூடும், வெள்ளைத் தரையில் குறையும். அப்படி ஆகிவிட்ட மீனைத் தரை மாற்றி விட்டால் சட்டென்று மாற முடியாமல் திணறும்.

கண்ணுக்கு வருவோம். தோல் தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது, அதனால் தோலே தரையை உணர்ந்து மாறுகிறது என்று தோன்றலாம். இல்லை. தலையை ஒரு தரையிலும் உடம்பை வேறொரு தரையிலும் இருக்கும்படி வைத்தால் உடம்பு தன் அடியில் இருப்பதைக் கண்டுகொள்ளாது, கண் எதைப் பார்க்கிறதோ அதற்குத்தான் மாறும். நூறு வருடத்துக்கு முந்தைய சோதனைகளிலேயே இது தெளிவாகிவிட்டது. அந்தக் கண்கள் தலையிலிருந்து துருத்திக்கொண்டு, ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் என்று தனித்தனியாகச் சுழலும், ஆகவே சுற்றியுள்ள தரையைப் பார்ப்பதில் சிரமம் இல்லை.

ஆனால் பார்ப்பது என்றால் என்ன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வெள்ளை மணலில் அந்தி நேரத்தில் கிடக்கும் மீனின் கண்ணுக்கு வரும் வெளிச்சம், நண்பகலில் கருமணலில் கிடக்கும் மீனுக்கு வருவதைவிடக் குறைவாக இருக்கலாம். கண்ணில் விழும் வெளிச்சத்தின் அளவை மட்டும் வைத்து முடிவெடுத்தால் அந்தியில் வெள்ளை மணலில் கறுத்துப்போய் மாட்டிக்கொள்ளும். மீன்கள் அப்படிச் செய்வதில்லை. மேலிருந்து வரும் வெளிச்சத்தையும் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டு, அந்த விகிதத்தை வைத்துத் தரை வெளிர் தரையா கருந்தரையா என்று தீர்மானிக்கின்றன. மங்கலான வெளிச்சத்திலும் வெள்ளைத் தரை வெள்ளைத் தரைதான்.

இதைவிடச் சிக்கலான ஒன்றும் உண்டு. மீனின் கண் தரையிலிருந்து விரற்கடை உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பக்கத்துக் கூழாங்கல் பெரிதாகவும், சற்றுத் தள்ளி இருப்பது நசுங்கிப்போன கோடாகவும் தெரியும். அதைத் தின்ன வரும் எதிரியோ மேலிருந்து பார்க்கிறது. அதற்கு எல்லாக் கற்களும் அதனதன் வடிவில் தெரியும். மீன் தனக்குத் தெரிவதைத் தோலில் போட்டால் எதிரியிடம் எடுபடாது. தான் சாய்வாகப் பார்த்ததை, மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அதன் பார்வை மண்டலம் எப்படியோ சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதன் தோலில் வரும் திட்டுகளின் அளவு, மேலிருந்து பார்க்கிறவரின் கண்ணுக்குத்தான் பொருந்துகிறது.

இனி சதுரங்கப் பலகை. அந்தப் புகழ்பெற்ற சோதனையைப் பெரிய அளவில் செய்தவர் அமெரிக்க விலங்கியலாளர் பிரான்சிஸ் சம்னர். இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வகத்தில் மத்தியதரைக்கடல் தட்டைமீன்களை மணல், சரளை, கட்டம், கோடு, வட்டப்புள்ளி என்று விதவிதமான தரைகளில் விட்டுப் புகைப்படம் எடுத்து 1911-இல் வெளியிட்டார். அந்தப் படங்கள் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. படத்தைப் பார்த்தவர்கள் கட்டம் விழுந்துவிட்டது என்று சொல்லிப் பரப்பினார்கள், ஆனால் சதுரமோ வட்டமோ நேராக நகலாகவில்லை என்பதைச் சம்னரே தன் கட்டுரையில் சொல்லிவிட்டார். கட்டுரையை யார் படிக்கிறார்கள். 1916-இல் மாஸ்ட் என்ற இன்னொரு அமெரிக்கர் வேறு இன ஃப்ளவுண்டர்களை வைத்து இதை விரித்துச் செய்தார், மஞ்சள், பச்சை, நீலத் தரைகளில் விட்டால் மீன்களின் சாயலும் அந்தப் பக்கம் சாய்வதாகப் பதிவு செய்தார்.

பின்னால் வந்தவர்கள் படத்தைக் கண்ணால் பார்த்து வியப்பதை விட்டுவிட்டு, கணக்குப் போட்டார்கள். 1988-இல் வில்லியம் சைடல் என்ற ஆராய்ச்சியாளர், கட்டத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, அவர் எடுத்துக்கொண்ட ஃப்ளவுண்டரின் கோலம் கட்டத்தின் அளவுக்கு ஏற்ப மாறுவதைவிட, கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு கூடிக் குறைவதுதான் முக்கியமாக நடக்கிறது என்று கண்டார். இது குளிர்ந்த நீர் மீன்களின் திறமை அவ்வளவுதானோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியது.

அடுத்து 1996. கை கால் போன பின்னும் அது இருப்பதாகவே தோன்றும் மாய உறுப்பு பற்றிய ஆராய்ச்சியால் நமக்கெல்லாம் தெரிந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் இதில் எங்கே வந்தார் என்று ஆச்சரியப்படுவீர்கள், ஆனால் வந்தார். அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் வெப்பக்கடல் ஃப்ளவுண்டர்களைப் பல தரைகளில் விட்டுப் படமெடுத்து, நேச்சர் இதழில் கட்டுரை எழுதினார்கள். அந்த மீன்கள் 2 முதல் 8 நொடிகளுக்குள் மாறின. பொருத்தமும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது, சதுரங்கக் கட்டத்தின்மேல்கூட. படங்களைப் பகுத்துப் பார்த்தபோது தெரிந்தது, மீன் புதிதாக எதையும் வரைவதில்லை, சிறிய, நடுத்தர, பெரிய திட்டுகளின் தொகுதிகள் சில அதனிடம் இருக்கின்றன, ஒவ்வொரு தொகுதியையும் எவ்வளவு அழுத்தமாகக் காட்டுவது என்பதைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிறது என்பதுதான். பாட்டுக் கேட்கும் கருவியில் கனமான ஒலியை ஒரு திருகிலும் கீச்சொலியை இன்னொரு திருகிலும் ஏற்றி இறக்குவோமே, அந்த மாதிரி. திருகுகள் நாலைந்துதான், ஆனால் சேர்க்கைகள் ஏராளம்.

2006-இல் பிரிட்டனில் கெல்மன், டிப்டஸ், ஓசோரியோ என்ற மூவர் குட்டி பிளேஸ் மீன்களில் பார்த்ததும் இதோடு ஒத்துப்போகிறது. அந்த மீன்களிடம் இரண்டு கோலங்கள் மட்டுமே: சின்னப் புள்ளிகள் ஒன்று, பெரிய திட்டுகள் ஒன்று. இரண்டையும் தனித்தனி அளவில் கலந்து தரைக்கேற்ப மாற்றிக்கொள்கின்றன. இரண்டே இரண்டு!

இப்படி இருந்தும் எப்படி எடுபடுகிறது என்று கேட்கலாம். எதிரியின் கண் கட்டத்துக்குக் கட்டம் சரிபார்ப்பதில்லை. தரையை மேலோட்டமாகத் துழாவிக்கொண்டு போகும்போது அது கவனிப்பது சராசரி வெளிச்சம், கறுப்பு வெளுப்பு வேறுபாடு, துணுக்குகள் ஏறத்தாழ என்ன அளவு என்பவைதான், அப்புறம் ஏதாவது மீன் வடிவில் விளிம்பு தெரிகிறதா என்பது. முதல் மூன்றும் சுற்றுப்புறத்தோடு பொருந்திவிட்டால், பெரிய திட்டுகள் விளிம்பையும் உடைத்துவிட்டால், மீன் போய்விடும். எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. மணலில் எந்த மணல் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கடலடியும் எல்லையில்லாத விதங்களில் இருப்பதில்லை. நுண்மணல், கரடுமுரடான மணல், சரளை, உடைந்த சிப்பி, பாறைத் துண்டு என்று சில வகைகளுக்குள் அடங்கிவிடும், சதுரங்கப் பலகையைக் கடலில் எந்தத் தட்டைமீனும் சந்தித்ததில்லை. அதை அங்கே வைத்தது நாம்தான்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். ஒரே மீன் வெவ்வேறு தரைகளில் இருக்கும் காணொளி கிடைத்தால் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வெள்ளை மணலில் மங்கலாகத் தெரிந்த அதே புள்ளி, சரளையில் அதே இடத்தில் அழுத்தமாக இருக்கும். இடம் மாறாது. அச்சில் வார்த்த மாதிரி நேர்க்கோடும் சதுரமுமாக மீன் மேல் தெரிகிற படம் வந்தால், யாரோ கணினியில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெப்பக்கடல் மீன்கள் சில நொடிகளில் மாறுவதைச் சொன்னேன். குளிர்ந்த கடல் மீன்களுக்கு நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் ஆகும், முழுப் பொருத்தத்துக்கு நாட்கள்கூட. இரண்டு தரைகளுக்கு இடையே மாற்றி மாற்றி விட்டுக்கொண்டே இருந்தால் அதே மீன் வரவர வேகமாக மாறுகிறது என்பதையும் அந்தப் பழைய சோதனைகளிலேயே பார்த்திருக்கிறார்கள். பழக்கத்தில் கைதேர்கிறது என்று சொல்லலாம்.

தரைக்கேற்ப மாறுவது பாதி என்றால், தனக்கேற்ற தரையைத் தேடிப் போவது மீதி. மாஸ்ட் இதையும் கவனித்தார்: ஒரு தரைக்குப் பழகிய மீனுக்கு இரண்டு தரைகளைக் கொடுத்தால் பழகியதையே நாடியது. 2015-இல் ரோஜர் ஹான்லன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் கரீபியன் பவளப்பாறைப் பகுதியில் மயில் ஃப்ளவுண்டர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோதும் இதேதான், அந்த மீன்கள் கண்ட இடத்தில் இறங்கிவிட்டு அப்புறம் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவது என்றில்லாமல், தங்கள் கோலங்களில் ஏதாவது ஒன்று எடுபடக்கூடிய தரையாகப் பார்த்து உட்கார்ந்தன. தன் குறைபாடு தெரிந்து நடந்துகொள்கிற மீன்.

இந்த மறைதல் எல்லாம் நிஜமாகவே உயிரைக் காப்பாற்றுகிறதா, இல்லை நாம்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோமா என்ற கேள்வியும் சம்னர் காலத்தில் இருந்தது. அதற்கும் அவரே 1930-களில் பதில் தேடினார், தட்டைமீனை வைத்து அல்ல, கொசுவைத் தின்னும் குட்டி மீன்களை வைத்து. பாதியைக் கறுத்த தொட்டியிலும் பாதியை வெளுத்த தொட்டியிலும் பழக்கி, இரண்டையும் ஒன்றாகக் கலந்து, சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையின் பெங்குவின்களுக்கு விட்டார். தொட்டியின் நிறத்தோடு ஒத்துப்போகாத மீன்கள்தான் அதிகம் தின்னப்பட்டன. சந்தேகம் தீர்ந்தது.

மீன்குஞ்சு வளர்ப்புக்காரர்களுக்கு இது வெறும் அறிவியல் ஆர்வமல்ல. ஜப்பானில் ஹிராமே என்ற ஃப்ளவுண்டரைப் பண்ணைகளில் குஞ்சு பொரித்துக் கடலில் விடுகிறார்கள். பண்ணையில் வளர்ந்தவற்றில் சிலவற்றுக்கு மேல்பக்கத்தில் வெள்ளைத் திட்டுகள் விழுந்துவிடும், சிலவற்றுக்கு அடிப்பக்கம் கறுத்துவிடும். குஞ்சுப் பருவத்தில் கொடுக்கும் தீனியில் உள்ள கொழுப்பு அமிலங்களின் விகிதம் மேல்பக்க வெளுப்புக்கு ஒரு முக்கியக் காரணம் என்றும், மணல் போட்ட தொட்டியில் வளர்த்தால் அடிப்பக்கக் கறை குறைகிறது என்றும் ஆராய்ச்சிகள் காட்டின. மேல்பக்கத்தில் நிறமிச் செல்லே இல்லாத வெள்ளைத் திட்டோடு கடலுக்குப் போகும் மீனின் கதி என்ன ஆகும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, நிறத்தோடு மட்டும் இவை நின்றுவிடுவதில்லை. துடுப்புகளை அலைஅலையாக அடித்து மணலைக் கிளப்பித் தன்மேல் போட்டுக்கொண்டு, கண்கள் மட்டும் வெளியே தெரியும்படி புதைந்துவிடும். விளிம்பு மணலுக்குள் போய்விட்டது, மிச்சம் தெரிவதும் மணல் நிறத்தில், இனி யாரால் கண்டுபிடிக்க முடியும்?

சுறாவால் முடியும். 1971-இல் கால்மைன் என்ற ஆராய்ச்சியாளர் பிளேஸ் மீனை மணலுக்குள் புதைத்துவைத்து, பசியோடு இருந்த சிறு சுறாக்களை விட்டுப் பார்த்தார், நேராகப் போய்க் கவ்வின. பிளேஸைக் கடற்பாசிக் கூழால் செய்த பெட்டிக்குள் வைத்து, வாசனை நேரடியாகப் பரவாதபடி தண்ணீரை வேறு பக்கம் வெளியேற்றினார், அப்போதும் கண்டுபிடித்தன. அந்தக் கூழின்மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய பிளாஸ்டிக் தாளை மூடியபோதுதான் சுறாக்கள் மீனைத் தாண்டிப் போயின. பிறகு மீனை எடுத்துவிட்டு, உயிருள்ள மீனிடமிருந்து வரும் அளவுக்கு மிக மெல்லிய மின்சாரத்தை வெளியிடும் மின்முனைகளை மணலுக்குள் புதைத்தார். சுறாக்கள் மணலைக் கிளறி மின்முனைகளைக் கடித்தன. தோல் எவ்வளவுதான் மாறினாலும், மூச்சுவிடும்போது உடம்பிலிருந்து கசியும் மின்புலத்தை மறைக்கத் தட்டைமீனிடம் எந்தத் திருகும் இல்லை.